ரேஷன் அரிசியில் ஒரு பல்லாவரம்

மயிலாப்பூர் ஜியாலஜி கிளப்பில் சுயம்புலிங்கம் சேர்ந்தது நாற்காலிக்காக. இப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆனால் ஒருவரைப் பற்றி எழுதுவது என்று உட்கார்ந்துவிட்ட பிறகு அவருடைய கோபத்துக்கெல்லாம் பயந்துகொண்டிருக்க முடியாது.

தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் அவருக்குக் கஜக்கோல் பிடிக்கிற வேலை. காலை ஒன்பது மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு எட்டு மணி வரை நிற்க வேண்டும். யுத்தம் முடிந்தும் துணிக் கட்டுப்பாடு முடியாத காலம் அது. வாங்குகிறவர்கள் அத்தனை பேருக்கும் அரை கஜம் குறைவதாகவே தோன்றும். "சரிங்கம்மா" என்று அவர் மறுபடி அளப்பார். துணி குறையாது, சந்தேகமும் குறையாது. மூன்றாம் தடவையும் "சரிங்கம்மா" என்பார். திருநெல்வேலியிலிருந்து வந்து எழும்பூரில் இறங்கிய நாள் முதல் பதினாறு வருஷமாக அவர் சென்னையில் சொந்தமாகப் பேசியது இந்த ஒரு வார்த்தைதான் என்று சொன்னால் மிகை ஆகாது.

1946 சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி அவர் தோளில் ஒரு காக்கித் துணிக்கட்டை ஏற்றி, கச்சேரி ரோட்டில் ஷஃபியுல்லா சாயபு வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். சாயபு சர்வே இலாகாவில் முப்பது வருஷம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மாடியில் எட்டுப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நடுவில் வைத்திருந்த ஒரு கல்லைப் பூதக்கண்ணாடியால் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற சுயம்புலிங்கத்தை யாரோ ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "ஏன் சார் நிக்கிறீங்க, உட்காருங்க" என்றார்.

உட்கார்ந்தார். இஞ்சி போட்ட டீ வந்தது. குடித்தார். கல் அவர் கைக்கும் வந்தது. "உங்க அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார்கள். அவருடைய அபிப்பிராயத்தை அதுவரை கல்யாணத்தின்போதுகூட யாரும் கேட்டதில்லை. "கனமா இருக்கு" என்றார். அதையும் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு புத்தகம் வந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். துணி பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து என்று நினைத்து அவரும் போட்டார். கூட்டம் கலைகிற நேரத்தில்தான் துணிக்கட்டு யாருடையது என்ற கேள்வி எழுந்தது, அது உறுப்பினர் புத்தகம் என்பதும் தெரிந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சுன்னா போட்டாச்சுதான்" என்று தீர்ப்புச் சொன்னார் தலைவர் ராஜரத்தினம். சைதாப்பேட்டை கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். கல்லைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. விதி என்றால் உயிர். கிளப்புக்கு இருபத்திரண்டு விதிகள் எழுதி அச்சடித்து வைத்திருந்தார். அதில் ஏழாவது விதி, சேர்ந்த பன்னிரண்டு மாதத்துக்குள் ஒவ்வொரு உறுப்பினரும் தாமே கண்டெடுத்த ஒரு கல்லைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேச வேண்டும், தவறினால் பெயர் நீக்கப்படும் என்பது.

பன்னிரண்டு மாதம் நிறைய இருக்கிறது என்று அன்றைக்கு அவர் நினைத்தார்.

முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு ஞாயிறு தவறாமல் போனார். சைதாப்பேட்டையில் ரயில் ஏறிப் பல்லாவரம் மலைக்குப் போனார்கள். மலை என்றால் பழனி மலை அல்ல, ஒரு குன்று. ஆனாலும் பாதியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. மற்றவர்கள் மேலே சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்க, அவர் கீழே எல்லாருடைய செருப்புக்கும் டிபன் பாக்ஸுக்கும் காவல் இருந்தார். நொச்சிக்குப்பத்துக் கடற்கரையில் கறுப்பு மணலுக்கு மேல் நூலில் கட்டிய காந்தத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, "இன்னா நைனா, மோதிரத்தத் தொலைச்சிட்டியா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் கூடையை வைத்துவிட்டுத் தானும் குனிந்து தேட ஆரம்பித்தாள். இவ்வளவு நல்ல மனசுக்காரியிடம் உண்மையைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அரைமணி நேரம் எல்லாருமாக இல்லாத மோதிரத்தைத் தேடினார்கள்.

இதெல்லாம் சுயம்புலிங்கத்துக்குப் பிடித்திருந்தது. அவர் கொண்டுபோன கற்கள்தான் காலை வாரின. ரயில் பாதை ஓரத்தில் துளைத் துளையாக, கன்னங்கரேலென்று ஒன்று கிடைத்தது. எரிமலைக் கல் என்று நினைத்து வேட்டியில் முடிந்து எடுத்துப் போனார். ரயில் எஞ்சின் கொட்டிய கரிக்கட்டை என்றார் சாயபு. பட்டினப்பாக்கத்தில் பச்சையாக ஒன்று பொறுக்கினார். அலை தேய்த்த சோடா பாட்டில் என்று தெரிந்தது. மூன்றாவதாகப் பூப்பூவாக ஒன்று கொண்டுபோனபோது சாயபு அதை வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கே கிடைச்சது?"

"இங்கதான் சார், பக்கத்துலதான்."

"பக்கத்துலதான். இது எங்க மாடிப்படி. நாலாவது படி உடைஞ்சு போச்சுன்னு கொத்தனார்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

யாரும் உரக்கச் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

1947 பங்குனியில் ராஜரத்தினம் புத்தகத்தைப் புரட்டி, "மிஸ்டர் சுயம்புலிங்கம், இன்னும் ரெண்டு வாரம். எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்லை. விதி இருக்கே" என்றார். சுயம்புலிங்கம் அன்று பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வீடு வந்தார். உலகத்தில் அவரை சார் என்று கூப்பிடும் இடம் அது ஒன்றுதான். அது போய்விட்டால் மறுபடி வாரத்துக்கு ஏழு நாளும் கஜக்கோல்தான் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

தண்ணீர்த்துறை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஒண்டுக் குடித்தனம் அவருடையது. அவர் மனைவி சண்முகவடிவு விளக்கு வைக்கும் முன் முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கிய கல்லை அவள் எறியவில்லை. முன்னால் நாலு தேங்காய்ச் சிரட்டைகள் இருந்தன. வெள்ளைக் கல் ஒன்றில், செங்கல் ஒன்றில், மண்ணாங்கட்டி ஒன்றில், கறுப்பு ஒன்றில். கல்லைத் தேடிப் பல்லாவரம் வரை போய் வந்த மனிதர், தம் வீட்டில் தினமும் சாயங்காலம் கல் பொறுக்கப்படுவதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"இத எதுக்கு வடிவு சேத்து வைக்க?"

"கடக்காரன் கபாலி மூஞ்சில கொட்டுததுக்கு. கல்லு கல்லா இருக்கேய்யான்னா, 'தஞ்சாவூர்லேர்ந்தே அப்பிடித்தாம்மா வருது, நான் இன்னா பண்றது'ங்கான். சிரட்ட நெறயட்டும்னு இருக்கேன்."

"அந்தக் கறுப்புச் சிரட்டைய மட்டும் ஞாயித்துக்கிழம ஒரு நாளைக்குத் தாயேன்."

"கொண்டுட்டுப் போங்க. திரும்பி வந்துரணும். ஒண்ணு கொறஞ்சாலும் எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை மேஜையில் சிரட்டையைக் கவிழ்த்தார். "நான் சேகரிச்சது" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அது பொய் என்று அவருக்கே உறைத்தது. அதற்குள் சாயபு பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துவிட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றை நகத்தால் கீறினார். ஒன்றை நாக்கில் வைத்துத் துப்பினார்.

"எங்கே எடுத்தீங்க?"

"ரேஷன் அரிசியில சார். தஞ்சாவூர் அரிசியாம்."

சாயபு கண்ணாடியைக் கீழே வைத்தார். "தஞ்சாவூர் பூமி காவேரி கொண்டுவந்து போட்ட வண்டல். அங்கேயிருந்து நெல்லோட மண்ணாங்கட்டி வரலாம். இது கறுப்பிலே நீலம் ஓடின கல், எண்ணெய் தடவின மாதிரி மினுக்குது பாருங்க. பல்லாவரத்துக் கல். ஆத்துல உருண்டிருந்தா முனை மழுங்கியிருக்கும். இது விரலைக் கிழிக்குது. உடைச்சு ஒரு மழைகூடப் பார்க்காத கல். தஞ்சாவூர்லேருந்து வந்த அரிசி மெட்ராஸுக்கு வந்தப்புறம்தான் இதைச் சந்திச்சிருக்கு."

கிளப் ஆரம்பித்து ஆறு வருஷத்தில் ஒரு கல் யாருக்காவது ஏதாவது சொன்னது அதுதான் முதல் தடவை.

"எப்பலேருந்து இந்தக் கல் வருது?" என்று சாயபு கேட்டார்.

"விசாரிச்சுச் சொல்லுதேன் சார்."

"யாரை விசாரிக்கணும்? நீங்கதானே பொறுக்கினீங்க?" என்றார் ராஜரத்தினம். கோர்ட்டில் இருந்தவர் அல்லவா, அந்தப் புத்தி.

"டைரியப் பாக்கணும்" என்றார் சுயம்புலிங்கம். அவருக்கு டைரி கிடையாது. வீட்டுக்கு வந்து சண்முகவடிவைக் கேட்டார். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். மாசியில், சிவராத்திரிக்கு வாங்கின அரிசியிலிருந்துதான் கறுப்பு வருகிறது. அந்த வாரம்தான் கடைக்கு எதிரே ரோடு போடுவதற்காகக் கருங்கல் ஜல்லி கொட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் வெள்ளையும் சிவப்பும், அதுவும் கொஞ்சம்தான். டைரியில் இருந்ததாக இதை அப்படியே அடுத்த நாள் கடைக்குப் போகும் முன் சாயபு வீட்டில் ஒப்பித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கிளப் அணிவகுத்து ரேஷன் கடைக்குப் போனது. ராஜரத்தினம் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் போனார். சாயபு கையில் பூதக்கண்ணாடி, இன்னொருவர் கையில் சுத்தியல், கடைசியில், ஜவுளிக்கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த சுயம்புலிங்கம் சிரட்டையோடு. கடையில் அன்று அரிசி போடும் நாள். பெண்கள் வரிசை தெருமுனை வரை நின்றது. வரிசையில் ஐந்தாவதாகப் பையோடு சண்முகவடிவு நின்றுகொண்டிருந்தாள். சுயம்புலிங்கத்துக்கு இது தோன்றவே இல்லை. சனிக்கிழமை தோறும் அவள் அங்கே நிற்கிறவள்தான்.

ராஜரத்தினம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எங்கள் கிளப் உறுப்பினர் மிஸ்டர் சுயம்புலிங்கம், சென்ற ஒரு மாத காலமாகத் தம் வீட்டு அரிசியில் தம் கையாலேயே பொறுக்கி, வகை பிரித்து, தேதியும் குறித்து வைத்திருக்கிற கற்கள் இவை."

சண்முகவடிவு திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். சுயம்புலிங்கம் சிரட்டையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், எங்கே பார்த்தாலும் அவள் பார்வை பிடரியில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

"கல்லு தஞ்சாவூர்லேர்ந்து வருது சார்" என்றான் கபாலி.

"பல்லாவரத்திலேருந்து வருது" என்றார் சாயபு.

"கல்லு எந்த ஊர்னு உனக்கு எப்டித் தெரியும் பாய்? அதுல இன்னா விலாசமா எழுதிக் கீது?"

"எழுதியிருக்கு. படிக்கிறேன், கேளு" என்று சாயபு கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஆரம்பித்தார். காவேரியிலிருந்து ஆரம்பித்தார். வண்டலைச் சொன்னார், மழுங்கின முனையைச் சொன்னார், கிழிக்கிற முனையைச் சொன்னார். வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகி வந்து சுற்றி நின்று கேட்டார்கள். முடிவில் சுத்தியல்காரர் எதிரே கிடந்த ஜல்லிக் குவியலில் ஒரு துண்டைத் தட்டி உடைத்து, சிரட்டைக் கல்லோடு பக்கத்தில் வைத்தார். ஒரே கல்தான் என்பது கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. கபாலி கொஞ்ச நேரம் ஜல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் உள்ளே போய் வேறு மூட்டையைப் பிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் சண்முகவடிவு பழைய அரிசியை முறத்தில் கொட்டிப் புருஷன் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க. நீங்கதான பொறுக்குதவிய."

அவர் பொறுக்கினார். வெள்ளை அரிசியில் வெள்ளைக் கல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் கழுத்து வலித்தது, கண் எரிந்தது. ஒருமணி நேரம் குனிந்து பொறுக்கி எழுந்தபோது, இதை இவள் தினம் செய்கிறாள் என்ற எண்ணம் வந்து அவருக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றைக்குச் சாப்பாட்டில் முதல் கவளத்திலேயே கடைவாயில் நறுக்கென்று ஒரு கல் அகப்பட்டது. அவள் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் கூட்டத்தில் ராஜரத்தினம் எழுந்து, மிஸ்டர் சுயம்புலிங்கம் ஏழாவது விதியைச் சிறப்பாகவே நிறைவேற்றிவிட்டார் என்று நோட்டில் பதிய இருந்தார். பேனாவைத் திறந்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தால் போதும்.

"அது நான் பொறுக்கினது இல்ல சார்" என்றார் சுயம்புலிங்கம். "என் சம்சாரம் பொறுக்கினது. வகை பிரிச்சதும் அவதான். சிவராத்திரி கணக்கும் அவதான். எனக்கு டைரி கிடையாது. நேத்து ஒருமணி நேரம் பொறுக்கினேன். என்னால ஒழுங்கா முடியல."

ராஜரத்தினம் பேனாவை மூடினார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஆனால் விதியை எழுதினவர் அவரே. "தாமே கண்டெடுத்த" என்கிற வார்த்தை இருக்கிறதே என்றார். நீக்குவதற்குக் கை தூக்கச் சொன்னார். ஒருவரும் மனசோடு தூக்கவில்லை, எல்லாரும் தூக்கினார்கள். சுயம்புலிங்கம் எழுந்து, காலி டீ டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் படி இறங்கினார். நாலாவது படியைப் பார்த்து மிதித்தார்.

பின்னாலேயே சாயபு இறங்கி வந்தார். "உங்க வீட்டம்மாவை வர ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க. அந்த மாதிரி கண்ணு எங்க கிளப்புல எனக்குக்கூடக் கிடையாது" என்றார்.

சண்முகவடிவு வந்தாள். நாலு சிரட்டையையும் மேஜையில் வைத்தாள். எந்த மாசம் எந்தக் கல் என்று புட்டுப் புட்டு வைத்தாள். யாரும் எழுதச் சொல்லாமலே நாலு பேர் எழுதினார்கள். ஒரு வருஷம் அவகாசம் எல்லாம் தேவைப்படாமல் அன்றைக்கே ஏழாவது விதி நிறைவேறி, கிளப்பின் முதல் பெண் உறுப்பினராக அவள் பெயர் ஏறியது. சுயம்புலிங்கம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"அடுத்த ஞாயிறு பல்லாவரம். காலையிலே ஆறு மணிக்கு சைதாப்பேட்டை ஸ்டேஷன்" என்றார் ராஜரத்தினம்.

"அவிய வந்தாத்தான் வருவேன்" என்றாள் சண்முகவடிவு.

"அவரை நீக்கியாச்சேம்மா."

"நீக்குனது உங்க பாடு. எட்டு ஆம்பளயளோட நான் தனியா ரயிலேறி மலைக்குப் போனா ஊர்ல என்ன பேசுவாவ? உங்க வீட்டு அம்மாவ அப்பிடி அனுப்புவியளா?"

ராஜரத்தினம் திகைத்துப் போனார். அவர் வீட்டு அம்மாள் கோயிலுக்குக்கூடத் துணையில்லாமல் போனதில்லை. விதிப் புத்தகத்தை எடுத்தார். முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். உறுப்பினருக்கு விதி இருந்தது, விருந்தாளிக்கு விதி இருந்தது, கடன் வாங்கின சுத்தியலுக்குக்கூட விதி இருந்தது. துணைக்கு வருகிறவரைப் பற்றி ஒரு வரி இல்லை. சேர்ப்பதற்கும் இல்லை, நீக்குவதற்கும் இல்லை.

"அப்படின்னா ஒண்ணும் பண்ண முடியாது" என்று மூடி வைத்தார்.

அதற்குப் பிறகு கிளப் பதினோரு வருஷம் நடந்தது. ஏழாவது விதியில் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். தாமும் கல் கொண்டுவந்ததில்லை என்பது ஞாபகம் வந்து ராஜரத்தினம் கண்ணீரோடு தம்மையே ஒரு தடவை நீக்கிக்கொண்டார். அத்தனை வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் வந்தவரும், ஒரு கல்லும் கொண்டுவராதவரும், யாராலும் நீக்க முடியாதவரும் ஒரே ஒருவர்தான். உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் கிடையாது.